பவளத்தைப் படம்பிடிக்க எதை வாங்குவது, எதை விடுவது

ஒஸ்லோவில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவருக்கு டிசம்பர் நல்ல மாதம். 21ஆம் தேதி வாக்கில் பிற்பகல் மூன்றேகாலுக்குள் சூரியன் போய்விடும். வேலை முடிந்து வீடு திரும்பும்போது வெளியே முழு இருட்டு. ஊரே அலுத்துக்கொள்ளும் அந்த இருட்டால்தான் தொட்டிக் கண்ணாடியில் சன்னலின் நிழல் விழுவதில்லை. ஜூனில் இரவு பத்தரை தாண்டியும் வெளிச்சம் நிற்கும். அப்போது எடுக்கும் படத்தில் பவளத்தின் மேலேயே எதிர்வீட்டு பல்கனியும் உங்கள் சட்டையின் கோடுகளும் விழும். கோடைக்குத் தடித்த கறுப்புத் திரைச்சீலை வேண்டும். மார்கழிக்கு அறை விளக்கையும், சன்னலில் தொங்கும் காகித நட்சத்திரத்தையும், சாமித்தட்டின் சிறு மின்குமிழையும் அணைத்தால் போதும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்குப் பக்கம் பவளத்தொட்டி வைத்திருக்கும் இளையவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணை, எந்தக் கமரா வாங்கலாம்?" கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. தொட்டிக்கு மேலே எரிவது எந்த விளக்கு, எந்தப் பக்கமிருந்து பார்க்கப் போகிறோம், எவ்வளவு கிட்டப் போகலாம் என்ற மூன்றையும் முடிவுசெய்தால் கமரா தானாகவே முடிவாகிவிடும். பலருக்கு, ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கும் கைபேசியே போதும் என்றுதான் முடியும். பணத்தைக் கமராவில் கொட்டிவிட்டு வெளிச்சத்தைக் கவனிக்காதவர்களின் படங்களை நிறையப் பார்த்தாயிற்று. எல்லாம் ஒரே ஊதா.

அதற்கும் முன்னால், படம் எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும். வளர்ச்சியைப் பதிவுசெய்ய ஒரு படம், விற்கவோ மாற்றிக்கொள்ளவோ ஒரு படம், சுவரில் மாட்ட ஒரு படம். மூன்றுக்கும் ஒரே முறை சரிவராது. முதலாவதற்கு வேண்டியது ஒழுங்கு, இரண்டாவதற்கு நேர்மை. மூன்றாவதில் உங்கள் விருப்பம்தான் சட்டம்.

வெள்ளை வெளிச்சமா, நீலமா?

இன்றைய எல்இடி விளக்குகளில் பெரும்பாலானவை நீலத்தில்தான் பலம் கொண்டவை. 450 நானோமீட்டரை ஒட்டிய அந்த நீலத்தைப் பவளத்தின் உடலுக்குள் வாழும் பாசிகள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. அந்த நீலத்தில்தான் பவளம் ஒளிர்வதும். பவளத்தின் சில புரதங்கள் நீலத்தை உறிஞ்சி, அதைவிட நீண்ட அலைநீளத்தில், அதாவது பச்சையாகவோ செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ, திருப்பி வெளியிடும். இந்தக் குடும்பத்தில் முதலில் தெரியவந்த பச்சைப் புரதத்தை 1962இல் ஒரு ஜெலிமீனில் கண்டவர் ஒசாமு ஷிமோமுரா. 2008இன் வேதியியல் நோபல் அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரொஜர் சியென் ஆகியோருக்கும் போனது. சிவப்பு வகை 1999இல் வெளிவந்தது. டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள் மாஸ்கோ ஆய்வாளர்கள். அவர்கள் கடலுக்குப் போகவில்லை, மாஸ்கோவில் மீன்தொட்டியில் வளர்ந்த பவளங்களைத்தான் எடுத்தார்கள். நம்மைப்போல் குளிர்நாட்டில் தொட்டி வைத்திருந்த ஒருவரின் பொழுதுபோக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த கதை அது.

கண்ணுக்கு அழகாகத் தெரியும் இந்த ஒளிர்வு கமராவைத் திணறடிக்கிறது. காரணம் சென்சரில் இருக்கிறது. வழக்கமான சென்சரில் புள்ளிகளில் பாதி பச்சையைப் பார்ப்பவை, கால்வாசி சிவப்பை, மீதிக் கால்வாசி நீலத்தை. நீலம் மட்டுமே கொட்டும் இடத்தில் அந்தக் கால்வாசிப் புள்ளிகள் நிரம்பி வழியும், மற்றவை கிட்டத்தட்டப் பட்டினி கிடக்கும். கமராவின் ஒளிமானி பச்சையைத்தான் அதிகம் நம்பும். அதனால் "வெளிச்சம் போதாது" என்று நினைத்து இன்னும் திறந்துவிடும், நீலம் முற்றாக எரிந்துபோகும். எரிந்துபோன இடத்தில் பாலிப் என்னும் பவள மொட்டின் நுணுக்கம் எதுவும் மிஞ்சாது. பிறகு கணினியில் எவ்வளவு இழுத்தாலும் வராது.

இதைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, விளக்கையே மாற்றுவது. செயலி வழியாக விளக்கின் வெள்ளைப் பகுதியைக் கூட்டி நீலத்தைக் குறைக்கலாம். படம் எடுக்கும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மட்டும் இப்படி ஒரு தனி அமைப்பைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். காசு செலவில்லை. எல்லாக் கமராவிலும் கைபேசியிலும் இது வேலை செய்யும். பழைய டி5 குழல்விளக்குகள் வைத்திருப்பவர்களுக்கு நீலக் குழலை அணைத்து வெள்ளையை மட்டும் விட்டால் சரி. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: வெள்ளையை முழுப் பலத்தில் ஏற்றிவிட்டு மறந்துபோகக் கூடாது. நீலத்துக்குப் பழகிய பவளத்துக்கு நாள்முழுக்கக் கடும் வெளிச்சம் நல்லதல்ல.

இரண்டாவது, கமராவுக்குள்ளேயே வைட் பேலன்ஸைத் திருத்துவது. பெரும்பாலான கமராக்கள் 10,000 கெல்வின் வரைதான் போகும். நீலத் தொட்டி அதற்கும் அப்பால் நிற்கிறது. ரா கோப்பாக எடுத்தால் கணினியில் 50,000 கெல்வின் வரை இழுக்கும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் நீலம் எரியாமல் எடுத்திருந்தால்தான் அந்த இழுப்புக்குப் பலன். திரையில் மூன்று நிறங்களின் ஹிஸ்டோகிராமைத் தனித்தனியே பார்க்கும் வசதி இருந்தால் நீலக் கோடு வலப்பக்கச் சுவரில் முட்டாதபடி வெளிச்சத்தைக் குறையுங்கள். படம் பார்க்க இருட்டாக இருக்கும். பரவாயில்லை. நீலமும் வெள்ளையும் கலந்த விளக்குக்கு இந்த வழி போதும். நீலம் மட்டும் எரியும்போது இது உதவாது, வராத சிவப்பைக் கணினி கண்டுபிடித்துத் தர முடியாது.

மூன்றாவது, லென்ஸின் முன்னே மஞ்சள் அல்லது செம்மஞ்சள் ஃபில்டர் வைப்பது. நீலத்தைச் சென்சருக்கு வரவிடாமல் வாசலிலேயே நிறுத்திவிடுவதால் பட்டினி கிடந்த பச்சை, சிவப்புப் புள்ளிகளுக்குத் தேவையான நேரம் கிடைக்கிறது. கைபேசிக்குக் கவ்விபோட்டு மாட்டும் ஃபில்டர்களைப் பவளக் கடைகள் விற்கின்றன. மேடை விளக்குகளுக்குப் பயன்படும் வண்ணத் தாளில் ஒரு துண்டு கிடைத்தாலும் அதே வேலையைச் செய்யும், விலை அதில் ஒரு சிறு பங்குதான். மஞ்சளா செம்மஞ்சளா என்றால் மஞ்சளில் தொடங்குங்கள். ஆழ்மஞ்சள் ஃபில்டர் ஏறக்குறைய 500 நானோமீட்டருக்குக் கீழே வெட்டும், பச்சை ஒளிர்வு பச்சையாகவே வரும். செம்மஞ்சள் இன்னும் மேலே வெட்டுவதால் நீலப்பச்சைப் பவளங்கள் மஞ்சளாகத் திரியும். ஆனால் சிவப்பு பாலிப்கள் அதில்தான் தீப்பிடித்தமாதிரி வரும். சுவரில் மாட்ட ஆசைப்படுபவர்கள் அதற்காகவே அதை வாங்குவார்கள். எதை மாட்டினாலும் அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்தின் நீல நுனியை இழப்பீர்கள். நீலம் வெட்டுண்ட பிறகு நீல நுனி எங்கிருந்து வரும்? கருமையாகத்தான் வரும்.

என் முடிவைச் சொல்கிறேன். விற்கும் படம் என்றால் வெள்ளை வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டும். நீலத்தில் ஃபில்டர் போட்டு, கணினியில் செறிவைக் கூட்டி, வானவில்லாக்கிய துண்டை வாங்கிப்போய்த் தன் தொட்டியில் வைத்துவிட்டு, பழுப்பு நிறத்தைப் பார்த்து வாயடைத்து நிற்பவர்கள் இந்த ஊரில் குறைவில்லை. இரண்டு படம் போடுவது இன்னும் நல்லது. ஒன்று வெள்ளையில், மற்றது நீலத்தில், எது எது என்று எழுதி. கூடவே, கல்பவளங்கள் வனவுயிர் வணிகத்துக்கான சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. எங்கிருந்து வந்தது என்ற தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் ஒரு படம் எடுத்து வைத்தால் தொலைந்து போகாது.

ஊரில் இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் தொட்டி வாங்க ஓடவேண்டாம். இந்தியாவில் 2001 முதல் கல்பவளங்கள் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் பட்டியலுக்குள் வந்துவிட்டன. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலான 21 தீவுகளைச் சுற்றி 1986இல் அமைந்த மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவிலும் பவளத்தைப் பார்த்துவிட்டுத்தான் வரலாம், எடுத்துவர முடியாது. யாழ்ப்பாணத்துக் கரையோர மதில்களில் வெள்ளையாய் நிற்கும் முருகைக்கல்லைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதே உயிரினம் இத்தனை நிறத்தில் இருக்கும் என்று நம்பவே நாளாகும்.

முன் கண்ணாடியா, மேலிருந்தா, தண்ணீருக்குள்ளா?

எல்லாரும் முன் கண்ணாடியிலிருந்துதான் தொடங்குவார்கள். அதற்கு ஒரே ஒரு விதி: லென்ஸ் கண்ணாடிக்கு நேர்க்குத்தாக நிற்க வேண்டும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, கண்ணாடியுடையது ஏறத்தாழ 1.5. சாய்ந்து பார்த்தால் வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு அளவில் வளையும். பாலிப்பின் ஓரத்தில் நீலமும் சிவப்புமாய் ஒரு விளிம்பு தோன்றும், கூர்மை கரையும். விலை கூடிய லென்ஸானாலும் இந்த இழப்பைச் சரிசெய்யாது. கீழே இருக்கும் பவளத்துக்குக் கமராவைக் கீழே நோக்கிச் சரிக்காமல், நீங்கள் தரையில் உட்காருங்கள். வளைந்த முகப்புள்ள தொட்டி பார்க்க அழகு, படத்துக்கு ஆகாது. புதிய தொட்டி வாங்குபவர்கள் இரும்புச்சத்துக் குறைந்த தெளிகண்ணாடியைக் கேட்டு வாங்கலாம். சாதாரணத் தடித்த கண்ணாடி ஒரு பச்சைச் சாயலைக் கூட்டும். தண்ணீருக்குள் எல்லாம் உண்மைத் தூரத்தில் முக்கால் பங்கு தூரத்தில் இருப்பதாகவே லென்ஸுக்குத் தெரியும். 20 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும் பவளம் 15 சென்டிமீட்டரில் நிற்கிறது. கிட்ட எடுப்பவர்களுக்கு இந்தக் கழிவு இலாபம்தான்.

கண்ணாடியைச் சுரண்டிச் சுத்தம் செய்வதை ஒரு மணிநேரம் முன்னரே முடித்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் சுரண்டினால் மிதக்கும் துகள் எல்லாம் படத்தில் பனி பெய்யும். ஒஸ்லோவில் இருப்பவர்களுக்கு அந்தப் பனி வேறு தேவையா? லென்ஸின் முன்னே ஒரு ரப்பர் மறைப்பைப் போட்டுக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால், மிச்சம் மீதி நிழலும் போய், கையும் ஆடாமல் நிற்கும்.

மேலிருந்து எடுப்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. பவளம் வெளிச்சத்தை நோக்கி வளர்கிறது, தன் முகத்தை மேலே காட்டுகிறது. முன்னாலிருந்து பார்த்தால் நீங்கள் பார்ப்பது அதன் தோளைத்தான். அக்ரோபோராவின் கிளை விரிவும், சோவாந்தஸின் வளையம் வளையமான வட்ட முகங்களும், மேலிருந்து பார்க்கும்போதுதான் தெரியும். பம்ப்களை நிறுத்திவிட்டு, நீர்ப்பரப்பு அசைவற்றுப் போனதும் நேராகக் கீழே பார்த்து எடுக்கலாம். சின்ன நெளிவு இருந்தாலும் கெடும் என்பதால், அடியில் தெளிந்த அக்ரிலிக் தகடு ஒட்டிய ஒரு பெட்டியை நீரில் மிதக்கவிட்டு, அதற்குள்ளே லென்ஸை இறக்கி எடுப்பது வழக்கம். கடையிலும் விற்கிறார்கள், வீட்டிலும் செய்யலாம். அடித்தகட்டில் கீறல் விழக்கூடாது, அவ்வளவுதான். விளக்கு தொட்டிக்கு மிக நெருக்கமாகத் தொங்கினால் உங்கள் தலையின் நிழலே பவளத்தில் விழும். விளக்கை ஒரு முழம் உயர்த்த முடியுமா என்று முதலில் பார்த்துவிட்டுப் பெட்டி வாங்குங்கள்.

தண்ணீருக்குள் இறக்குவதற்கென்றே செய்த கமராக்கள் இருக்கின்றன. ஒலிம்பஸின் டிஜி-6, அதன் தொடர்ச்சியாக 2023இல் ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7, இரண்டும் 15 மீட்டர் ஆழம் வரை உறையில்லாமலே தாங்கும், லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் இருப்பதையும் கூர்மையாகப் பிடிக்கும், ரா கோப்பும் தரும். கண்ணாடியும் இல்லை, விலகலும் இல்லை. பாறையின் பின்னால் ஒளிந்திருக்கும் பவளத்தை எடுக்க இதைவிட வழியில்லை. சின்னச் சென்சர் என்பதால் மங்கிய வெளிச்சத்தில் படம் மணல்மணலாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் நன்னீரில் அலசி எடுக்க வேண்டும். கோபுரோ வகைக் கமராக்களால் இந்த வேலை ஆகாது. சுமார் 30 சென்டிமீட்டருக்குக் கிட்ட வந்தால் அவை மங்கிவிடும். மீன் ஓடுவதை எடுக்கலாம், பாலிப்பை எடுக்க முடியாது.

கைபேசியை நீருக்குள் இறக்காதீர்கள். ஐபி68 என்று பெட்டியில் போட்டிருப்பது நன்னீரில் சோதித்த கணக்கு. தொட்டியில் இருப்பது உப்புநீர், கைபேசியின் மின்னேற்றும் துளைக்கு அது எமன்.

சிலர் பவளத்தைக் கையிலெடுத்து, தொட்டிக்கு வெளியே வைத்து எடுக்கப் பார்ப்பார்கள். சோவாந்தஸ், பாலித்தோவா இனங்களில் சிலவற்றில் பாலிடொக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. வெறும் கையால் தொடுவதோ, சமையலறை மேசையில் வைத்து வெந்நீர் ஊற்றுவதோ, உரசித் தேய்ப்பதோ கூடவே கூடாது. நகர்த்தத்தான் வேண்டுமென்றால் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

எதைக் கையிலெடுப்பது?

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம்.

கைபேசிக்கு வெளிச்சம் சரியாக இருந்தால் எதிரி ஒன்றுதான், அதன் சொந்தப் புத்தி. 2021இன் ஐஃபோன் 13 ப்ரோ தொடக்கம் பல கைபேசிகள் இரண்டு சென்டிமீட்டர் வரை கிட்டப் போகும் மக்ரோ வசதியோடு வருகின்றன. கடையில் இதைக் காட்டித்தான் விற்பார்கள். ஆனால் பவளம் கண்ணாடிக்குப் பின்னால் பத்து, இருபது சென்டிமீட்டரில் அல்லவா இருக்கிறது! கிட்டப் போனதும் கைபேசி தானாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும், பவளம் சின்னதாகிப் பின்னணி பெரிதாகும். அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவிட்டு, சற்றுப் பின்னே நின்று, இரண்டு அல்லது மூன்று மடங்கு நெருக்கும் லென்ஸால் எடுங்கள். திரையில் பவளத்தை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிடுங்கள். இரவு முறையை அணையுங்கள். பல படங்களை எடுத்து ஒன்றாக்கும் அந்த வித்தையில் ஆடும் பாலிப்கள் கரைந்துபோகும். கவ்விபோட்டு மாட்டும் மக்ரோ லென்ஸ் முன் கண்ணாடியிலேயே ஒட்டி வளரும் பவளத்துக்கு மட்டும் உதவும். வளர்ச்சிப் பதிவுக்குக் கைபேசிக்கு மேலே எதுவும் தேவையில்லை. விற்பனைப் படத்துக்கும் அப்படித்தான்.

சுவரில் மாட்ட வேண்டுமென்றால் மாற்று லென்ஸ் போடும் கமராவும் உண்மையான மக்ரோ லென்ஸும் வேண்டும். லென்ஸ்தான் முக்கியம், கமரா பழையதாக இருக்கலாம். ஐம்பது, அறுபது மில்லிமீட்டர் மக்ரோவா, தொண்ணூறு, நூறு மில்லிமீட்டரா என்பதைத் தொட்டியின் ஆழத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். நூறு மில்லிமீட்டர் வகை லென்ஸ், பொருளை அதன் உண்மை அளவிலேயே சென்சரில் விழுத்தும்போது லென்ஸின் முனைக்கும் பொருளுக்கும் இடையே 13, 14 சென்டிமீட்டர் இருக்கும். முக்கால் பங்குக் கணக்கையும் சேர்த்தால், கண்ணாடிக்குப் பின்னே ஒரு சாண் தள்ளியிருக்கும் பவளம் கைக்கெட்டும். அறுபது மில்லிமீட்டரோடு அங்கே போகமுடியாது. முன்பக்கத்தில் அடுக்கிய சிறு தொட்டிக்கு மட்டும் அது போதும். கனொனின் 100, நிக்கொனின் 105, சோனியின் 90, தம்ரோனின் 90 ஆகியவற்றில் கூர்மையை வைத்து ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்த எனக்கு மனமில்லை. உங்கள் கமராவில் எது பூட்டுமோ அதுதான் நல்லது. தம்ரோன் 90 மக்ரோவின் முதல் வடிவம் 1979இல் வந்தது. குவியத்தைக் கையால் திருப்பும் அந்தப் பழைய லென்ஸை ஓர் இணைப்பு வளையத்தோடு மாட்டினாலும் பவளம் ஓடிவிடாது.

பெரிய சென்சர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பவளத்தை நெருங்க நெருங்கக் கூர்மையான பகுதி சில மில்லிமீட்டராகச் சுருங்கும். சின்ன மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சரில் எஃப்5.6 தரும் ஆழத்தைப் பெற முழுச் சென்சரில் எஃப்11 வரை மூட வேண்டும். அதற்கு நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும், அல்லது ஐஎஸ்ஓவை அந்த அளவுக்கு ஏற்ற வேண்டும். பெரிய சென்சரின் இலாபம் அங்கேயே கரைந்துவிடும். பணத்தை மிச்சம்பிடித்து நல்ல லென்ஸில் போடுங்கள்.

அமைப்பில் எஃப்8க்கும் 16க்கும் இடையில் நில்லுங்கள். ஷட்டர் 1/125 விநாடிக்குக் குறையாமல் இருந்தால் யூஃபிலியா என்ற பவளத்தின் நீளக் கைகள் ஓரளவு நிற்கும். படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் தெரிந்தால் கமராவைப் பழிக்க வேண்டாம். எல்இடியின் வெளிச்சத்தைக் குறைக்கும்போது பல விளக்குகள் மிக வேகமாக அணைந்து எரிகின்றன, மின்னணு ஷட்டர் அதைப் பிடித்துவிடுகிறது. பொறிமுறை ஷட்டருக்கு மாற்றுங்கள், அல்லது விளக்கின் பலத்தைக் கூட்டுங்கள்.

பம்பை நிறுத்துவதா விடுவதா என்பதில் ஆளுக்கொரு கருத்து. மென்பவளங்களுக்கும் நீளக் கை யூஃபிலியாவுக்கும் நிறுத்தியே ஆகவேண்டும். காளான் பவளமும் கெட்டியான அக்ரோபோராவும் ஓடும் நீரிலும் நிற்கும், ஆனால் பல படங்களைக் குவியம் மாற்றி எடுத்து அடுக்குவதானால் அவற்றுக்கும் நிறுத்தத்தான் வேண்டும். பல பம்ப்களில் தீனி போடுவதற்கென்று ஒரு நிறுத்தப் பொத்தான் இருக்கிறது. சிறிது நேரத்தில் தானாகவே மீண்டும் ஓடும். கையால் அணைப்பவர்கள் கைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். படம் நன்றாக வந்த மகிழ்ச்சியில் பம்பை மறந்து படுக்கப்போனால் விடியும்போது தொட்டியில் ஒட்சிசன் இருக்காது.

ட்ரைபொட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மேலிருந்து எடுக்காதபோது இருந்தால் நல்லது. ஆனால் ஒஸ்லோவின் குரூனர்லொக்காவில் 1890களில் எழும்பிய மரத்தளக் கட்டடங்களில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். அடுத்த அறையில் பிள்ளை நடந்தால் ட்ரைபொட்டும் தொட்டியும் சேர்ந்து நடுங்கும். பிள்ளை தூங்கிய பிறகு எடுங்கள்.

ஃப்ளாஷ் இன்னொரு தெரிவு, பலர் நினைத்தே பார்க்காதது. கமராவின் தலையில் இருந்தால் கண்ணாடியில் வெள்ளைக் குழி விழும். கழற்றித் தொட்டிக்கு மேலே, நீர்ப்பரப்பை நோக்கிப் பிடித்து, தொலைவிலிருந்து இயக்கினால் பகல்வெளிச்சம் போன்ற சுத்தமான வெள்ளை கிடைக்கும், அசைவும் உறைந்து நிற்கும். நீல ஒளிர்வு போய்விடும், பவளத்தின் சொந்த நிறமிகள் மட்டும் தெரியும். விற்பனைப் படத்துக்கு இதைவிட நேர்மையான வெளிச்சம் இல்லை. உப்புத் தெறிப்பு படாமல் ஃப்ளாஷை ஒரு தெளிந்த பையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

நோர்வேயின் சொந்தப் பவளங்களைக் கடலடியில் படமெடுப்பதும் இப்படி வெள்ளை வெளிச்சத்தில்தான். லோஃபொட்டனுக்கு அப்பால் 300, 400 மீட்டர் ஆழத்தில் சுமார் 35 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரோஸ்ட் பவளத்திட்டு 2002இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஒஸ்லோ ஃபியோர்ட் கடலோடு கலக்கும் வாலர் தீவுகளுக்கு அப்பால், 2009இல் அமைந்த ஈத்ர வாலர் கடல் தேசியப் பூங்காவுக்குள், டிஸ்லர் என்றொரு திட்டு இருக்கிறது. சூரியன் எட்டாத இடத்தில் வாழும் லொஃபீலியா என்ற பவளம் அது. உடலில் பாசி இல்லை, வெளிச்சமே வேண்டாம். வெள்ளையும் செம்மஞ்சளுமான அதன் நிறம் அந்த ஆழத்தில் தெரிவது இயந்திரம் கொண்டுபோகும் விளக்கில்தான். 2005இல் தொடங்கிய மரியானோ என்ற நோர்வேக் கடலடி ஆய்வுத் திட்டம் எடுத்துவரும் படங்களைப் பார்த்தால், வெள்ளை விளக்கொன்றே எவ்வளவு சொல்லிவிடுகிறது என்று புரியும். அதை வீட்டில் வளர்க்க முடியாது. அதன் படங்களைப் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

வளர்ச்சிப் பதிவு எடுப்பவர்களுக்கு ஓர் ஒழுங்கு போதும். தொட்டிக் கண்ணாடியின் ஓரத்தில் சிறு ஒட்டுத்தாள் குறி, கைபேசி எப்போதும் அங்கே. விளக்கு எப்போதும் அதே சேமித்த அமைப்பில். சட்டத்துக்குள் ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டு, நிறத்தைப் பின்னால் சரிபார்க்க. பவளத்தை ஒட்டிய வெள்ளைக் குத்தியையே நிற அளவுகோலாகக் கொள்பவர்கள் உண்டு. சில வாரத்தில் அதில் பாசி ஏறி ஊதாவோ பச்சையோ ஆகிவிடும், பிறகு எல்லாக் கணக்கும் பிழைக்கும்.

பழைய லென்ஸ் வாங்க ஃபின்.நோ விற்பனைத் தளத்தில் தேடுபவர்கள் கைமாறும் இடத்துக்குத் தங்கள் கமராவைக் கொண்டுபோங்கள். மிகக் கிட்டத்துக் குவியத்தில் வைத்து எதையாவது எடுத்துப் பாருங்கள். கைபேசி விளக்கைப் பின்னாலிருந்து அடித்து உள்ளே நூல்நூலாகப் பூஞ்சை ஓடுகிறதா என்று பாருங்கள். கழித்தல் பத்தில் வெளியே நின்று வாங்கியதை வீட்டுக்குள் வந்ததும் பையிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு மணிநேரம் அப்படியே மூடிய பையில் கிடக்கட்டும், இல்லாவிட்டால் சூடான அறையின் ஈரம் முழுவதும் அதன் மேல் படியும். வாங்கிய பிறகு அதைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலுமாரியில் வைக்க வேண்டாம். இடம் வசதியாகத்தான் இருக்கும், ஆனால் உப்பும் ஈரமும் நிறைந்த அந்தக் காற்றில் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? படுக்கையறை அலுமாரியில், துணிகளுக்கு மேலே, மூடிய பெட்டியில் வையுங்கள்.